மெலிவு வாணிகம்: ஒரு சரித்திர நோக்கு

உடலை மெலியச் செய்யும் வழியைக் கூறி, அவ்வழியை விலைக்கு விற்கும் வாணிகம் மனித சரித்திரத்தில் மிகப் புதியது. பஞ்சமும் பற்றாக்குறையுமே பெரும்பாலோரின் கவலையாயிருந்த காலங்களில் பருத்த உடல் செல்வத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. இயந்திரத் தொழில் பெருகி, மேலைநாட்டு நகரங்களில் உணவு மலிந்து, உடலுழைப்புக் குறைந்த பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் அக்கருத்து மாறத் தொடங்கிற்று. அன்று தொட்டு இவ்வாணிகத்தின் வாயிலில் ஒரு தராசு நிற்கிறது. வருபவர் வரும்போது ஒருமுறை நிறுக்கப்படுகிறார். சில வாரங்களின் பின் மறுமுறை நிறுக்கப்படுகிறார். இரண்டுக்குமுள்ள வித்தியாசமே விளம்பரமாகிறது. அதே மனிதரை இரண்டு ஆண்டுகளின் பின்னும் ஐந்து ஆண்டுகளின் பின்னும் அதே தராசில் ஏற்றிப் பார்த்தவர் யார்? பார்த்தபோது கண்டது என்ன? கண்ட பின்னரும் வாணிகம் தழைத்தது எவ்வாறு? இக்கேள்விகளை முன்வைத்து அவ்வாணிகத்தின் சரித்திரத்தைச் சிறிது ஆராய்வோம்.

இக்கதையின் தொடக்கத்தில் நிற்பவர் வில்லியம் பான்டிங் என்னும் ஆங்கிலேயர். இலண்டன் மாநகரில் இறுதிச் சடங்குகளை ஏற்பாடு செய்யும் தொழிலை நடத்தியவர். அரச குடும்பத்தினரின் சவ அடக்கங்களையும் அவரது குடும்பத்தினரே பொறுப்பேற்று நடத்தினர். 1862ஆம் ஆண்டில் ஐந்தடி ஐந்தங்குல உயரமுடைய அவரது நிறை 202 இறாத்தல். குனிந்து பாதணியின் நாடாவைக் கட்டுவதும் அவருக்கு அரிதாயிற்று. அதற்கு முன்னரே அவர் பல வழிகளை முயன்றிருந்தார். தேம்ஸ் நதியில் படகு வலித்தார். உடல் வலுத்தது, உடன் பசியும் வலுத்தது. நீராவிக் குளியல்கள் பல செய்தும் பயன் சிறிதே. ஈற்றில், காது மந்தமாவதைக் காட்டச் சென்றவிடத்தில் வில்லியம் ஹார்வி என்னும் காது வைத்தியர், பாண், பட்டர், பால், சீனி, பியர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நீக்குமாறு பணித்தார். ஓராண்டளவில் பான்டிங் 46 இறாத்தல் மெலிந்தார்.

1863இல் அவர் தம் அனுபவத்தைப் பொதுமக்களுக்கு எழுதிய ஒரு கடிதமாக அச்சிட்டு இலவசமாகவே வழங்கினார். பின்னர் அது விற்கப்பட்டபோதும் இலாபத்தைத் தரும காரியங்களுக்கே அளித்தார். அவருடைய பெயர் ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாகவே வழங்கிற்று. சுவீடன் நாட்டு மொழியில் உணவைக் குறைத்து மெலிவதற்கு ‘பன்டா’ என்னும் சொல் இன்றும் வழங்குகிறது. அவர் தம்மையே தராசில் ஏற்றி ஆண்டுக்கணக்காக நிறுத்து, பெறுபேற்றை வெளியிட்டவர் என்பது கருதத்தக்கது. அவரைப் பின்பற்றி வாணிகம் செய்தோர் பலர்; இவ்வழக்கத்தைப் பின்பற்றியோர் சிலரே.

அடுத்த மாற்றம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. உணவுப் பண்டங்களிலுள்ள சக்தியைக் கலோரி என்னும் அலகினால் அளந்து அட்டவணைப்படுத்தும் பணியை வில்பர் அற்வாட்டர் என்னும் விஞ்ஞானி அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செய்திருந்தார். அந்த அலகை அடுக்களைக்குக் கொண்டுவந்தவர் லூலு ஹன்ட் பீற்றர்ஸ் என்னும் பெண் வைத்தியர். 1918இல் அவர் வெளியிட்ட நூல் இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. அது முதலாம் உலகப் போரின் காலம். உணவை மிச்சப்படுத்துவது தேசத்தொண்டு என்று கூறி, பெண்கள் கூட்டங்களாகக் கூடி வாரந்தோறும் தம்மை நிறுத்துக்கொள்ளவேண்டும் என்ற யோசனையையும் அவர் முன்வைத்தார். எண்ணும் பழக்கமும் கூடி நிறுக்கும் பழக்கமும் இவ்வாறு ஒருங்கே பிறந்தன. அவற்றோடு மற்றோர் எண்ணமும் வேரூன்றிற்று. உடல் ஒரு கணக்குப் புத்தகம். வரவைக் குறைத்தால் இருப்புக் குறையும். குறையாவிடில் கணக்கு வைத்தவரே குற்றவாளி என்பதே அது.

பொறுமையற்றோருக்கு மருந்துக் கடை வேறு வழி காட்டிற்று. 1933இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் சிலர், டைநைத்திரோபீனோல் என்னும் இரசாயனப் பொருள் உடலின் எரிப்பை விரைவுபடுத்துவதைக் கண்டனர். வெகு சீக்கிரத்தில் சுமார் ஓர் இலட்சம் பேர் அதனை உட்கொண்டனர். மெலிந்தது உண்மை, ஆயினும் பலருக்குக் கண்களில் புரை படர்ந்தது, சிலர் உயிரிழந்தனர். 1938இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட உணவு, மருந்துச் சட்டத்தின் பின்னரே அது சந்தையிலிருந்து அகற்றப்பட்டது.

உடல் கணக்குப் புத்தகமன்று என்பதை ஐயமறக் காட்டிய பரிசோதனை, மெலிய விரும்பியவர்களிடத்தில் நடைபெற்றதன்று. இரண்டாம் உலகப் போரின் முடிவில், ஐரோப்பாவில் பட்டினியால் வாடிய மக்களை மீட்பது எவ்வாறு என்று அறிதற்பொருட்டு, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பவர் அதனை நடத்தினார். போர்ப்பணிக்குச் செல்ல மனச்சாட்சி இடங்கொடாமையால் மறுத்த 36 இளைஞர்கள் அதற்கு முன்வந்தனர். அவர்கள் தேகாரோக்கியம் வாய்ந்தவர்கள், பருத்தவர்கள் அல்லர், கொள்கைக்காகத் துன்பத்தை ஏற்கத் துணிந்தவர்கள். 1945இல் ஆறு மாத காலம் அவர்களுக்குத் தேவையின் பாதியளவு உணவே, அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,600 கலோரியே, அளிக்கப்பட்டது. அவர்கள் தம் நிறையில் காற்பங்கை இழந்தனர். நாடித்துடிப்பு மந்தமாயிற்று, கோடையிலும் குளிர் வாட்டிற்று, சமையற் புத்தகங்களைச் சேர்ப்பதும் உணவைப்பற்றியே பேசுவதும் அவர்களது பொழுதாயின. மீண்டும் உணவு கிடைத்தபோது வயிறு நிறைந்தும் பசி அடங்கவில்லை. இழந்த கொழுப்பு திரும்பியதோடு, முன்னிருந்த அளவையும் கடந்து சென்றது. இவை யாவும் 1950இல் இரு பெருந் தொகுதிகளாக அச்சேறின. இந்த இளைஞர்களிடம் மனவுறுதி இல்லை என்று எவரும் கூறத் துணியார்.

பிந்திய நிறுவையைப் பருத்தவர்களிடத்திலேயே செய்து பார்த்தவர் அல்பேர்ட் ஸ்டங்கார்ட் என்னும் வைத்தியர். நியூயோர்க் நகர வைத்தியசாலையொன்றின் உணவுச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 100 பேரை அவரும் அவருடைய துணையாளரும் தொடர்ந்து கவனித்தனர். 12 பேரே 20 இறாத்தலாவது குறைந்தனர். இரண்டு ஆண்டுகளின் பின் அக்குறைவைக் காத்துக்கொண்டவர்கள் இருவர். இம்முடிவு வெளியான ஆண்டு 1959. அதே ஆண்டில் மீட் ஜோன்சன் என்னும் அமெரிக்கக் கம்பனி மெற்றக்கால் என்ற பானத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நாள் முழுவதற்கும் 900 கலோரி. வேறு உணவு வேண்டியதில்லை. மினசோட்டாவில் பட்டினி என்று பெயர் பெற்ற அளவிலும் மிகக் குறைந்த இவ்வளவு, கடைகளில் அழகிய தகரப் பேணிகளில் விற்கப்பட்டது. ஆராய்ச்சியாளரின் கட்டுரையை வாசித்தோர் சிலர்; பானத்தை வாங்கினோர் எண்ணிறந்தோர்.

இனி, இவ்வாணிகத்துக்கு நிலையான உருவங்கொடுத்த பெண்மணியைக் காண்போம். நியூயோர்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த ஜீன் நைடெச் என்னும் இல்லத்தரசி 1961இல் 214 இறாத்தல் நிறையுடையவர். நகரச் சுகாதாரப் பகுதியினர் இலவசமாக நடத்திய சிகிச்சை நிலையத்துக்குச் சென்று உணவுப் பட்டியலைப் பெற்றார். பட்டியலைவிட, தம் கஷ்டத்தை மனம்விட்டுச் சொல்ல ஒருவரும் இல்லாமையே அவரை வருத்திற்று. ஆதலின் சிநேகிதியர் அறுவரைத் தம் வீட்டுக்கு அழைத்தார். ஒளித்துவைத்து உண்டதையும் வெட்கப்பட்டதையும் அவர்கள் ஒருவருக்கொருவர் கூறினர். கூட்டம் வாரந்தோறும் பெருகிற்று. அவர் 72 இறாத்தல் குறைந்தார். 1963இல் வெயிட் வாச்சர்ஸ் என்னும் கம்பனி பதிவுசெய்யப்பட்டது. 1978இல் அதனைத் தக்காளிக் குழம்புக்குப் பெயர்பெற்ற ஹைன்ஸ் கம்பனி ஏழு கோடி டொலருக்கு மேற்பட்ட விலைக்கு வாங்கிற்று.

அம்மையார் குறைத்த நிறையைப் பேணியே வாழ்ந்து 2015இல் தமது 91ஆவது வயதில் காலமானார். அவருடைய நேர்மையையும், தனிமையில் வாடியோருக்கு அக்கூட்டங்கள் அளித்த ஆறுதலையும் மறுத்தல் நியாயமன்று. ஆயின், கூட்டத்தில் கூடிய அன்பு வேறு. அதன்மேல் எழுந்த வாணிகத்தின் கணக்கு வேறு. 2003இல் வெளியான ஆராய்ச்சியொன்றில் 423 பேர் இரு பிரிவாக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள் கவனிக்கப்பட்டனர். தாமாகவே முயன்றோர் ஏறக்குறைய ஆரம்ப நிறைக்கே திரும்பினர். இக்கம்பனியின் கூட்டங்களுக்குச் சென்றோர் சராசரியாக மூன்று கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவாக மெலிந்திருந்தனர். இது பயனில்லாததன்று, விளம்பரப் படங்களில் காணப்பட்ட மெலிவும் அன்று.

இவ்வாணிகத்தில் ஒரு விசித்திரம் உண்டு. கூரை வேய்ந்தவன் வேய்ந்த கூரை மறு மாரியில் ஒழுகினால் குற்றம் வேய்ந்தவனுடையது. இங்கோ, குறைந்த நிறை திரும்பினால் குற்றம் வாங்கியவருடையது. நிறை குறைந்தபோது திட்டத்தைப் புகழ்ந்த அதே வாய், அது கூடியபோது தன்னையே நொந்துகொள்கிறது. நொந்துகொண்டவர் வேறெங்கும் செல்வதில்லை. மறு தைமாதத்தில் மீண்டும் அதே வாயிலுக்கு வந்து கட்டணம் செலுத்துகிறார். வெற்றி பெற்றவர் ஒருமுறை வருபவர். தோல்வியுற்றவரே நிலையான வாடிக்கையாளர். குறைவதும் கூடுவதுமாகிய இச்சுழற்சிக்கு ஏறியிறங்கும் விளையாட்டுப் பொருளாகிய ‘யோ-யோ’வின் பெயரே மேலைநாட்டில் வழங்கலாயிற்று.

1990ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரசின் உபகுழுவொன்று இவ்வாணிகத்தைப்பற்றி விசாரணை நடத்திற்று. 1992இல் அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவகம் கூட்டிய நிபுணர் குழு, குறைந்த நிறையில் மூன்றிலொரு பங்கு முதல் மூன்றிலிரு பங்கு வரை ஓராண்டுக்குள்ளும், ஏறக்குறைய முழுவதும் ஐந்தாண்டுகளுக்குள்ளும் திரும்பிவிடுகிறது என்று அறிவித்தது. 1997இல் வர்த்தக ஆணைக்குழு, தக்க சான்றின்றி நிறை நிலைத்துநிற்கும் என விளம்பரஞ் செய்யாவண்ணம் முன்னணிக் கம்பனிகளோடு உடன்பாடு கண்டது. பிந்திய நிறுவையைச் சட்டம் கேட்பதற்கு, ஸ்டங்கார்டின் கட்டுரைக்குப் பின் 38 ஆண்டுகள் சென்றன.

நிறை ஏன் திரும்புகிறது என்பதற்குரிய காரணமும் படிப்படியாகத் தெளிவாயிற்று. 1994இல் ரொக்கபெல்லர் பல்கலைக்கழகத்து ஜெப்ரி பிறீட்மன் குழுவினர் லெப்ரின் என்னும் ஓமோனைக் கண்டறிந்தனர். உடற் கொழுப்பே அதனைச் சுரந்து, தன் இருப்பின் அளவை மூளைக்கு அறிவிக்கிறது. கொழுப்புக் குறைந்தால் செய்தி குறைகிறது. பஞ்சம் வந்துவிட்டதென மூளை கருதிப் பசியைக் கூட்டிச் செலவைச் சுருக்குகிறது. அவுஸ்திரேலியாவின் மெல்போர்ண் நகரில் 50 பேரைக்கொண்டு தொடங்கப்பட்டு 2011இல் வெளியான ஆய்வு, பத்து வாரச் சிகிச்சையால் மாறிய பசி ஓமோன்கள் ஓராண்டு கழிந்த பின்னும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று காட்டியது. 2016இல் வெளியான மற்றோர் ஆய்வு, அமெரிக்கத் தொலைக்காட்சியின் மெலிவுப் போட்டியொன்றில் பங்குபற்றிய 14 பேரை ஆறு ஆண்டுகளின் பின் பரிசோதித்தது. சராசரி 58 கிலோகிராம் இழந்த அவர்கள் 41 கிலோகிராமை மீளப் பெற்றிருந்தனர். அவர்களது உடல் ஓய்விலிருக்கும்போது எரித்த சக்தி, எதிர்பார்க்கத்தக்க அளவிலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே இருந்தது. பஞ்சங்கள் பல கண்ட மனித குலத்தை அழியாது காத்த ஏற்பாடே இது.

இதற்கு ஏழை, செல்வர் என்ற பேதமில்லை. தொலைக்காட்சியில் உலகப்புகழ் பெற்ற ஓப்ரா வின்பிறி அம்மையார் 1988இல் திரவ உணவினால் 67 இறாத்தல் குறைந்து, அவ்வளவு கொழுப்பை ஒரு சிறு வண்டியில் ஏற்றி மேடைக்கு இழுத்து வந்தார். அந்நிறை திரும்பியதையும் உலகம் கண்டது. 2015இல் அவரே வெயிட் வாச்சர்ஸ் கம்பனியின் பங்குதாரரானார். 2023இல் தாம் மருந்து உட்கொள்வதையும், நெடுநாள் சுமந்த வெட்கத்தை இறக்கிவைத்ததையும் வெளிப்படையாகக் கூறினார்.

அவர் காலத்து மருந்துகள் வாணிகத்தின் உருவையே மாற்றின. செமக்குளுட்டைட் என்னும் மருந்து 2021இல் நிறைக் குறைப்புக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஜெனி கிரெய்க் கம்பனி 2023இல் தன் நிலையங்களை மூடிற்று. 2025 மே மாதத்தில் வெயிட் வாச்சர்ஸ் கடன் தீர்க்க வங்குரோத்துச் சட்டத்தின் பாதுகாப்பை நாடிற்று. எனினும் மருந்தையும் அதே தராசிலேயே ஏற்றவேண்டும். 2022இல் வெளியான ஆய்வில், அம்மருந்தை நிறுத்தியோர் குறைந்த நிறையில் மூன்றிலிரு பங்கை ஓராண்டுக்குள் மீளப் பெற்றனர். இரத்த அழுத்த மருந்தை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவது போன்றதே இது. அதற்காக நோயாளியை எவரும் பழிப்பதில்லை.

மிதமாக உண்பதும் நடப்பதும் பயனற்றவை என இதனால் முடிவு செய்தல் தவறு. தராசின் முள் அசையாவிடினும் அவற்றால் தேகம் நலம்பெறும். குறைந்த நிறையைப் பல்லாண்டு காத்தோரும் உளர். ஆனால் அது பத்து வாரத் தவமன்று, ஆயுட்காலப் பராமரிப்பு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லுதல் விற்பவரின் கடமை. உங்கள் வழியில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஐந்தாண்டு கழித்தும் மெலிந்திருக்கிறார்கள் என்று பணங் கொடுக்குமுன் கேட்டல் வாங்குபவரின் உரிமை. மெலிந்து மீண்டும் பருத்த ஒருவர் நம் வீட்டிலோ அயலிலோ இருப்பாராயின், அவருடைய மனவுறுதியை எடைபோடும் வேலையை நாம் விட்டுவிடுவதே முறை. அவர் உடல் செய்தது, மினசோட்டாவின் 36 இளைஞர்களின் உடல் செய்ததையே.