தட்டை மூக்கும் குழி மூக்கும்

.44 மேக்னம் தோட்டாக்கள் இரண்டை மேசையில் நிறுத்திப் பக்கவாட்டில் பார்த்தால் மூக்கின் வேறுபாடு எளிதில் பிடிபடாது. மேலிருந்து பார்க்க வேண்டும். ஒன்றின் மூக்கு காசு போல் தட்டை. மற்றதன் மூக்கில் குழி. முதலாவது ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்து இறுக்கிய வார்ப்பு ஈயம், அதாவது ஹார்ட் காஸ்ட். இரண்டாவது செம்பு உறைக்குள் மென்மையான ஈயத்தை வைத்த ஹாலோ பாயின்ட். அமெரிக்க மேற்கிலும் அலாஸ்காவிலும் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு காட்டுக்குள் நடப்பவர்களிடையே தீராத வழக்கு இவ்விரண்டையும் பற்றியதுதான்.

பார்த்த மாத்திரத்தில் இவை ஒன்றுக்கொன்று எதிரிகள். வார்ப்புக் குண்டு எதில் மோதினாலும் உருவம் மாறக் கூடாது. ஹாலோ பாயின்ட்டோ உருவம் மாறாவிட்டால் எதற்கும் உதவாது. முன்னது ஆழத்தை நம்புகிறது, பின்னது அகலத்தை. ஆனால் சற்று நெருங்கிப் பார்த்தால் இரண்டும் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பது தெரியும். ரைஃபிளின் வேகம் இருந்தால் ஆழம், அகலம் இரண்டையும் தாராளமாக வாங்கலாம். கைத்துப்பாக்கியின் நொடிக்கு 1,200 அல்லது 1,400 அடி வேகத்தில் கையிருப்பு குறைவு. ஒன்றில் செலவழித்தால் மற்றதில் குறையும்.

வார்ப்புக் குண்டின் தட்டை மூக்கை வெறும் மழுங்கிய முனை என்று எண்ணுவது பிழை. உருண்டை மூக்கு தசையை விலக்கிவிட்டு வழுக்கிப் போகும். தட்டை மூக்கு கிழித்துக்கொண்டு போகும், பாதையும் அதிகம் கோணாது. குண்டின் விட்டத்தில் முக்கால் பங்கு வரை அந்த முகம் அகலமாக இருப்பதும் உண்டு. ஹாலோ பாயின்ட் உடலுக்குள் போய்த் தேடிக்கொள்ளும் அகலத்தில் ஒரு பகுதியை வார்ப்புக் குண்டு அச்சிலேயே வாங்கி வந்துவிடுகிறது. எதிரிகள் என்றேன், அண்ணன் தம்பி என்றே சொல்லியிருக்கலாம்.

வரலாற்றிலும் ஓர் ஒற்றுமை காத்திருக்கிறது. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதத் தொழிற்சாலை 1890களில் தன் பெயரையே கொடுத்த விரியும் குண்டை, 1899 ஜூலையில் ஹேக் மாநாட்டின் பிரகடனம் போரிலிருந்து விலக்கியது. அதே 1899இல்தான் எல்மர் கீத் பிறந்தார். பிற்காலத்தில் ஐடஹோவில் பண்ணை நடத்திய அவர் .44 ஸ்பெஷலுக்காக வடிவமைத்த 250 கிரெயின் வார்ப்புக் குண்டு, இன்றைய தட்டை மூக்குக் குண்டுகளின் மூதாதை. போர் கொடுமை என்று தள்ளிய விரிதலை வேட்டை விரைவான சாவு என்று ஏற்றுக்கொண்டது; விரியாத முழு உறைக் குண்டைத்தான் பல அமெரிக்க மாநிலங்கள் வேட்டையில் தடுக்கின்றன.

பிறகு இரண்டும் வீடு மாறிக்கொண்டன. கீத்தின் குண்டு வேட்டைக்காகப் பிறந்தது. இன்று அதன் வழித்தோன்றல்களைப் பெரும்பாலும் கரடிக்கு அஞ்சுகிறவர்கள் சுமக்கிறார்கள். கைத்துப்பாக்கிக்கான ஹாலோ பாயின்ட் காவல்துறையின் தேவையால் வளர்ந்தது. இன்று மான் வேட்டைக்காரருக்கு அது உகந்த துணை. தன் முகவர்கள் சிக்கிய 1986இன் மயாமி துப்பாக்கிச் சண்டைக்குப் பின், சோதனையில் தசைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டினில் 12 அங்குலமாவது இறங்க வேண்டும் என்று எஃப்.பி.ஐ. வகுத்த அளவுகோல், அகலத்தை நம்பிய குண்டையும் ஆழத்தின் பக்கம் திருப்பியது. .44இன் கனமான வார்ப்புக் குண்டு அதைப்போல் இரு மடங்கு ஆழம் போவது சாதாரணம்.

இனி உண்மையான எடைபோடல். வேட்டையில் விலங்கை நாம் தேர்ந்தெடுக்கிறோம். காட்டு நடையில் விலங்கு நம்மைத் தேர்ந்தெடுக்கிறது. மான் பக்கவாட்டில் நிற்கும்வரை வேட்டைக்காரர் காத்திருப்பார். விலா எலும்பைத் தாண்டினால் நுரையீரல். அங்கே விரியும் குண்டு தன் வேலையை அழகாக முடிக்கும். பாய்ந்து வரும் கிரிஸ்லி கரடி பக்கவாட்டைக் காட்டாது. மண்டை, தோள், கொழுப்பு, நீளவாக்கில் முழு உடல்: இத்தனையையும் கடந்து உயிர்நிலையைத் தொட வேண்டும். ஹாலோ பாயின்ட் நிபந்தனைக்கு உட்பட்ட குண்டு. வேகம் குறைந்தால் திறக்காது. அளவுக்கு மீறினால் சீக்கிரமே திறந்து மேலோட்டமாக நின்றுவிடும். நிபந்தனைகளை நிறைவேற்ற நேரம் உள்ளவருக்கு அது சரி. நேரமில்லாதவருக்கு, என் கணிப்பில், எதையும் எதிர்பார்க்காத வார்ப்புக் குண்டே சரி. (மிளகுக் காரத் தெளிப்பானைக் கையில் வைத்திருப்பவர் இந்த விவாதத்தையே தூரத்திலிருந்து ரசிக்கலாம், அலாஸ்கா ஆய்வுகள் அவர் பக்கமும் பலமாகவே பேசுகின்றன.)

ஆயினும் ஆழத்துக்கும் ஒரு விலை உண்டு. மெலிந்த மானை ஊடுருவி மறுபுறம் வெளியேறும் வார்ப்புக் குண்டு அங்கே எதைச் சந்திக்கும் என்பதைச் சுடுகிறவரே முன்கூட்டிப் பார்த்தாக வேண்டும். அதேசமயம், இறைச்சியைப் பாழாக்குவதில் அது சிக்கனக்காரன். இரண்டு குண்டுக்கும் பொதுவான தலைவலி ஈயம். கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயத்தையே தடுத்துவிட்டது, கான்டோர் கழுகுகளின் பொருட்டு. அங்கே முழுச் செம்பில் தட்டை மூக்கும் கிடைக்கிறது, குழி மூக்கும் கிடைக்கிறது. உலோகம் மாறியும் வழக்கு மாறவில்லை.

இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டால் என்ன? ஆறு அறை ரிவால்வரில் முதல் இரண்டு ஹாலோ பாயின்ட், மிச்சம் வார்ப்பு என்று நிரப்புகிறவர்கள் உண்டு. ஆனால் 300 கிரெயின் வார்ப்புக் குண்டு குழலில் நகரும் நேரம் கூடுதல். அதற்குள் பின்னுதைப்பு முனையைத் தூக்கிவிட, 200 கிரெயின் ஹாலோ பாயின்ட்டைவிட அது மேலே போய்ப் படும். பின்குறியை ஒன்றுக்குச் சரிசெய்தால் மற்றது தவறும். திருகாணியைத் திருப்பும்போதே எது வேண்டும் என்று முடிவாகிவிடுகிறது.