கடிகாரமும் பேரும்

கைக்கடிகாரம் இரண்டு செய்திகளைச் சொல்லும் கருவி. அணிந்திருப்பவனுக்கு அது மணியைச் சொல்கிறது; அவனைக் காண்பவர்க்கு அவனுடைய மதிப்பைச் சொல்கிறது. முதற் செய்திக்காக மட்டுமே மக்கள் கடிகாரம் வாங்கியிருப்பின், போலிக் கடிகாரம் என ஒன்று உலகில் தோன்றியே இராது. புகழ்பெற்ற கடிகாரங்களின் பெயரையும் உருவையும் தாங்கி, மிகச் சொற்ப விலைக்கு விற்கப்படும் போலிகள், இன்று கைபேசி விளம்பரங்களின் வழியே மலையகத்து லயங்கள் வரை எட்டிவிட்டன. அவற்றை விரும்புவோரை நகைத்து ஒதுக்குதல் எளிது. ஆயினும் அவ்விருப்பத்திற்கும் ஒரு வரலாறு உண்டு.

நுவரெலியா, ஹற்றன் பகுதித் தோட்டங்களில் தொழிலாளியைத் துயிலெழுப்பியது கடிகாரம் அன்று, தப்பொலியே. இருள் பிரியுமுன் தப்பு முழங்கும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆணும் பெண்ணும் பெரட்டுக் களத்தில் வந்து நிற்பர். அங்கே அன்றைய வேலை பிரித்துக் கொடுக்கப்படும். ஒரு நாள் வேலைக்குத் தோட்டங்களில் வழங்கும் சொல் ‘பேர்’ என்பது. முழு நாளுக்கு ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர்.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நாள்வேலையை ஒன்பது மணி நேரம் என வரையறுத்தது. அச்சட்டத்தின் கீழ் 1929 முதல் உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் கூலியாயின. அந்தக் கூலியில் கடிகாரம் வாங்குவது கனவே. ஒன்பது மணி நேரம் எப்பொழுது தொடங்கி எப்பொழுது முடிந்தது என்று பார்த்துச் சொல்லும் அதிகாரம் துரையிடமும் கணக்கப்பிள்ளையிடமும் இருந்தது. தன் உழைப்பின் பொழுதைப் பிறர் அளக்கக் கேட்டே வாழ்ந்த மக்களுக்கு, மணிக்கட்டில் ஒரு கடிகாரம் என்பது ஏவப்படும் வரிசையிலிருந்து எழுந்து நின்றதன் அடையாளமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

இந்த ஆசையை முதலாக வைத்துப் பிழைக்கும் போலித்தொழில் மிகப் பழையது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் கடிகாரங்களுக்கு ஐரோப்பாவில் பெருமதிப்பு இருந்தது. வெறுங்கூடுகளும் முகப்புத் தகடுகளும் வெளிநாடுகளுக்குச் சென்று, தரங்குறைந்த உட்பொறிகள் பொருத்தப்பட்டு, லண்டன் வினைஞர் பெயரில் விற்பனையாயின. இதனைத் தடுக்க இங்கிலாந்து 1698ஆம் ஆண்டில் சட்டம் கொணர்ந்தது. உட்பொறியின்றிக் கூடுகளை ஏற்றுமதி செய்வதை அது விலக்கியது; செய்தவன் பெயரும் ஊரும் கடிகாரத்தில் பொறிக்கப்படவேண்டும் எனவும் விதித்தது.

ஏழைக்கு மலிவான கடிகாரம் வேண்டுமெனில் போலிதான் வழியா? அன்று என்பதை மெய்ப்பித்தவர் ஜோர்ஜ் பிரெடெரிக் ரொஸ்கோப். ஜெர்மனியில் பிறந்து, சுவிட்சர்லாந்தின் லா ஷோ த ஃபோன் நகரில் தொழில் நடத்திய அவர், உழைப்பாளி ஒருவன் வாங்கத்தக்க நல்ல கடிகாரத்தை 20 பிராங்கு விலைக்குத் தரவேண்டுமென உறுதிகொண்டார். அலங்காரங்களை நீக்கினார், பாகங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார், பொறியை எளிதாக்கினார். 1867ஆம் ஆண்டில் அந்தச் சட்டைப்பைக் கடிகாரம் வெளிவந்து, பாரிஸ் பொருட்காட்சியில் பதக்கமும் பெற்றது. எளியோரின் அக்கடிகாரத்தையும் போலிகள் விட்டுவைக்கவில்லை என்பதே விந்தை. அவருடைய பெயரில் ஓரெழுத்தைக் கூட்டி எழுதியும் பலர் விற்றனர்.

அதே 1867ஆம் ஆண்டில்தான் ஜேம்ஸ் டெய்லர், கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பி நோயால் அழிந்தபின் மலைநாடு தேயிலை நாடாயிற்று. தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் கொய்த கொழுந்து இலங்கைத் தேயிலை என்னும் பெயரை உலகெங்கும் நாட்டியது. அப்பெயருக்கும் காவல் தேவைப்பட்டது. இலங்கைத் தேயிலைச் சபைக்குரிய சிங்க இலச்சினை, கலப்பற்ற இலங்கைத் தேயிலைக்கு, அதுவும் இந்நாட்டிலேயே பொதி செய்யப்பட்டதற்கு மட்டுமே உரியது. வேற்றுத் தேயிலை அப்பெயரில் விலைபோகுமாயின், கொழுந்து கொய்தவளின் உழைப்பே களவாடப்படுகிறது. கடிகாரத்தின் பெயரும் இத்தகையதே.

‘ரோலெக்ஸ்’ என்னும் பெயரை ஹான்ஸ் வில்ஸ்டோர்ப் பதிவு செய்தது 1908ஆம் ஆண்டில். நீர் புகாத கடிகாரத்தை அந்நிறுவனம் அளித்தது 1926ஆம் ஆண்டில். அப்பெயரின் மதிப்பு இவ்வாறு பல ஆண்டுகளில் திரண்டது. போலி செய்வோன் அதனை ஒரே நாளில் முகப்பில் அச்சிட்டுக்கொள்கிறான். பொருளுக்குப் பொறுப்பேற்க அவன் வருவதில்லை. பழுதுற்றால் கேட்பதற்கு ஆளுமில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இத்தகைய வாணிகத்தைக் குற்றமெனக் கொள்கிறது.

சரியான நேரமோ இன்று அரும்பொருள் அன்று. 1969ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானின் செய்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தபோது அதன் விலை 4,50,000 யென். பின்னர் அவ்விலை பன்மடங்கு வீழ்ந்தது. இன்று சிறுதொகைக்குக் கிடைக்கும் நேர்மையான குவார்ட்ஸ் கடிகாரம், பழைய துரைமாரின் கடிகாரத்தினும் திருத்தமாக மணி காட்டும். ஆகவே போலி வாங்குவோன் பணம் கொடுப்பது நேரத்திற்கன்று, பிறருடைய பெயருக்கே.

ஒரு நாள் உழைப்பையே ‘பேர்’ என வழங்கிய மக்கள் மலையக மக்கள். உழைக்காதவனுக்குப் பேர் விழுந்தாலும், உழைத்தவனின் பேர் விடுபட்டாலும் அது அநீதி என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. பொழுதைத் தன் கையிலேயே அளந்துகொள்ளும் உரிமை நெடுங்காலம் கழித்து அவர்களுக்கு வாய்த்திருக்கிறது. அவ்வுரிமைக்கு எளிய கடிகாரம் ஒன்றே போதும். இரவற் பெயர் வேண்டுவதில்லை.