புலிமான்கோம்பை நடுகல்லும் ஆய்வுக் கட்டுரைச் சட்டகமும்

தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையில் உள்ள சிற்றூர் புலிமான்கோம்பை. 2006-ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத் தொல்லியல் ஆய்வாளர்கள் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களை இங்குக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று, கூடல் ஊர் ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், இறந்த தீயன் அந்தவனுக்கு எடுத்த கல். தொல்காப்பியம் ஆகோளை வெட்சித் திணையில் வைக்கிறது.

இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவர் முதலில் வினாவை வகுக்க வேண்டும். 'கூடல் ஊர் எது?' என்பது வினா. 'அது கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள கூடலூரே' என்று தொடங்கினால் அது முடிவு. சான்றுகள் அதற்கேற்ப வளைந்துவிடும். மதுரைக்கும் கூடல் என்று பெயர் உண்டு என்பது மறந்துபோகும்.

சட்டகம் இவ்வாறு அமையலாம்:

1. கல் கிடைத்த இடமும் சூழலும்
2. எழுத்தமைதி, வாசகம், காலம்
3. இலக்கியத்தில் ஆகோள்
4. கூடலூரா, மதுரையா, வேறு ஊரா: ஒவ்வொன்றுக்கும் ஆதரவும் தடையும்
5. முடிவு

முதல் இரண்டும் கல் சொல்வது. அடுத்தவை நாம் சொல்வது. இவ்விரண்டும் கலவாமல் காப்பதே சட்டகத்தின் பயன். பெயர் ஒற்றுமை மட்டுமே கையில் இருந்தால், சொந்த ஊர்ப் பெருமை எவ்வளவு இழுத்தாலும், 'இருக்கலாம்' என்றே முடிக்க வேண்டும்.