திருவொற்றியூர் = 84 பைட்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். பொட்டி தட்டாதவங்களும் படிக்கலாம், பயப்படாதீங்க.

2006-ல தேரடி பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர்ல உக்காந்து, தெரிஞ்ச கடைக்காரர் ஒருத்தருக்கு வலைப்பக்கம் செஞ்சேன். ஏரியாவைத் தேர்ந்தெடுத்தா தெருப் பேருங்க கீழ வரணும், அவ்ளோதான். பேருங்க இருக்கறது சர்வர்ல, பிஎச்பி கையில. காட்ட வேண்டியது உலாவியில ஓடுற ஜாவாஸ்கிரிப்ட். சிக்கல் என்னன்னா, பிஎச்பி பக்கத்தை எழுதி அனுப்பிட்டு நடையைக் கட்டின அப்புறம்தான் ஜாவாஸ்கிரிப்ட் கண்ணையே முழிக்கும். நேர்ல சந்திக்கவே மாட்டாங்க. அதனால ஸ்கிரிப்டுக்கு உள்ளேயே, மேற்கோள்குறிக்கு நடுவுல, பேரை பிஎச்பி எழுதி வெச்சுட்டுப் போகணும். இங்கிலீஷ்ல இருந்த ஒரு சர்ச் தெருப் பேர்ல அபாஸ்ட்ரபி வந்துது. மேற்கோள் பாதியிலேயே முடிஞ்சு, மொத்த ஸ்கிரிப்டும் படுத்துடுச்சு.

பெரிய ஆளுங்களும் இதுல அடிவாங்கினவங்கதான். 2001 ஏப்ரல்ல டக்ளஸ் கிராக்ஃபோர்டும் சிப் மார்னிங்ஸ்டாரும் அனுப்பின முதல் ஜேசான் செய்தியே சொதப்பல். அதுல 'டூ'ன்னு ஒரு பேர் இருந்துது. ஜாவாஸ்கிரிப்ட் தனக்குன்னு ஒதுக்கி வெச்ச சொல் அது. ஜேசான்ல எல்லாப் பேருக்கும் மேற்கோள்குறி கட்டாயம் ஆனது அதனாலதான்.

2006 நவம்பர்ல வந்த பிஎச்பி 5.2-ல, டேட்டாவை ஜேசானா மாத்தற ஃபங்ஷனைக் கூடவே குடுத்தாங்க. மேற்கோள்குறி, புது வரி எல்லாத்தையும் அதுவே பார்த்துக்கும். சாய்வுக்கோட்டுக்கு முன்னாடி பின்சாய்வு ஒண்ணும் போட்டுடும். ஸ்கிரிப்டை மூடுற டேக் டேட்டாவுக்குள்ள வந்தாலும் பக்கம் உடையாது. அப்பாடான்னு இருந்துது.

அது யூடிஎஃப்-8 மட்டும்தான் சாப்பிடும்னு அப்புறம்தான் புரிஞ்சுது. என் தெருப் பேரெல்லாம் திஸ்கியில! ஒவ்வொண்ணுக்கும் 'நல்'னு வந்துது (நல்லது இல்லைங்க, காலி). "நம்ம தெரு எங்கப்பா?"ன்னார் கடைக்காரர். ராத்திரியெல்லாம் உக்காந்து யூனிகோடுக்கு மாத்தினேன். தமிழக அரசே யூனிகோடை ஏத்துக்கிட்டது 2010 ஜூன்லதான்.

மாத்தினதும் இன்னொண்ணு. தமிழ்க் குறி ஒவ்வொண்ணையும் அந்த ஃபங்ஷன் ஆறு ஆங்கிலக் குறியா விரிச்சு அனுப்பும். 'திருவொற்றியூர்'ல யூனிகோட் குறி 14. யூடிஎஃப்-8-ல 42 பைட். விரிச்சா 84. ஒத்திக்கு வட்டி கிடையாதும்பாங்க. எங்க ஊர்ப் பேருக்கு மட்டும் அசலுக்கு அசல் வட்டி! விரிக்காம அனுப்பற வசதி 2012 மார்ச்ல, பிஎச்பி 5.4-லதான் வந்துது.

ஆனா 84-ஐயும் உலாவி ஒழுங்கா 14-ஆக்கிக் காட்டுச்சு. ஒரு புள்ளி கூட விட்டுப்போகல.