ஒயிட் ஒயின் டேஸ்ட் எப்படி இருக்கும்? மீன் வறுவலுக்கு ஏன் செட் ஆகுது?

நாசிக்கில் சூலா நிறுவனம் 2000-ம் ஆண்டு முதல் தயாரிக்கும் சாவின்யான் பிளாங்க், இனிப்பில்லாத ஒயிட் ஒயின். முதல் மடக்கிலேயே சுளீர்னு புளிப்பு. கூடவே குடைமிளகாய், பச்சைப் புல் வாசனை. புளிப்புக்குக் காரணம் திராட்சையில் இருக்கும் டார்டாரிக், மாலிக் அமிலங்கள்.

நெய்வேலியில் கடலூர் மீனை வறுத்து எலுமிச்சை பிழியறோம் இல்லையா? அதே வேலையைத்தான் இதுவும் செய்யுது. எண்ணெய்ப் பிசுக்கை அறுக்கும். வறுத்த பண்ருட்டி முந்திரியும் ஓகே. மீன் குழம்பு மட்டும் வேண்டாம்: புளிக்கு முன்னால் ஒயின் சப்புனு ஆயிடும், காரமோ ஆல்கஹால் எரிச்சலை ஏத்திவிடும்.

'ஒயின்தானே, ஜூஸ் மாதிரி' என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 12.5% ஒயின் 150 மில்லியில் சுமார் 19 மில்லி ஆல்கஹால். 5% பீர் 330 மில்லியில் 16.5 மில்லிதான்.