கங்காரு தாய்ப் பராமரிப்பும் குறைமாதக் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியும்

கங்காரு தாய்ப் பராமரிப்பு என்பது குறைமாதத்தில் அல்லது எடை குறைந்து பிறந்த குழந்தையைத் தாயின் மார்பில் தோலோடு தோல் படும்படி அணைத்து வைத்து, தாய்ப்பால் ஊட்டி வளர்க்கும் முறையாகும்.

37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறப்பவை குறைமாதக் குழந்தைகள் எனப்படுகின்றன. கருவின் மூளை கடைசி மூன்று மாதங்களில் வேகமாக வளர்ந்து மடிப்புகள் பெறுகிறது. அந்த வளர்ச்சி கருப்பைக்கு வெளியே நடக்க நேர்வதால், இவர்களுள் சிலருக்குப் பள்ளி வயதில் கவனம், நினைவாற்றல், மொழி, கணக்கு ஆகியவற்றில் இடர்ப்பாடு தோன்றுகிறது.

தோற்றம்

கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில், ஒரு தாய் சேய் நல மருத்துவமனையில் 1978ஆம் ஆண்டு மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா இம்முறையைத் தொடங்கினார். மருத்துவர் எக்டர் மார்ட்டினெஸ் அவருடன் இணைந்து இதை வளர்த்தார். அங்கு இன்குபேட்டர்கள் போதவில்லை. ஒரே பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கிடத்தியதால் தொற்று பரவியது. தாயிடமிருந்து நீண்ட நாள் பிரிக்கப்பட்ட குழந்தைகள் கைவிடப்படுவதும் உண்டு. எனவே உடல்நிலை சீரான குழந்தைகள் தாயின் மார்புச் சூட்டிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டனர்.

ஆய்வுகள்

வசதியற்ற நாடுகளுக்கான மாற்று ஏற்பாடு என்றே இது முதலில் கருதப்பட்டது. இதைச் சோதிக்க, 1993இல் நத்தாலி சார்பாக் குழுவினர் பொகோட்டாவில் 2,000 கிராமுக்கு மிகாத எடையுடன் பிறந்த 746 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஆராயத் தொடங்கினர். அவர்களுள் பலரை 20 வயதில் மீண்டும் கண்டறிந்து சோதித்த முடிவுகள் 2017இல் வெளியாயின. நுண்ணறிவு ஈவில் கிடைத்த நன்மை சிறியது. அதுவும் மிகவும் நலிந்து பிறந்தவர்களிடமே காணப்பட்டது. ஆனால் கங்காரு பிரிவினர் பள்ளிக்கு வராமல் இருந்தது குறைவு. மிகைத் துறுதுறுப்பும் முரட்டுத்தனமும் குறைவு. பெற்றோரின் அரவணைப்பு கூடுதலாக இருந்தது.

இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மன் குழுவினர் 146 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு இசைவானது. பச்சிளம் பருவத்தில் 14 நாட்கள், நாளுக்கு ஒரு மணி நேரம் தாயின் மார்பில் இருந்தவர்கள், 10 வயதில் நல்ல உறக்கமும் சிந்தனைக் கட்டுப்பாடும் கொண்டிருந்தனர்.

முக்கியத்துவம்

குறைமாதப் பிறப்பு ஒரு குழந்தையின் அறிவுக்கு முன்கூட்டியே எழுதப்பட்ட தீர்ப்பு அன்று என்பதையும், பிறந்த பின் கிடைக்கும் சூழலும் மூளை வளர்ச்சியில் பங்கு பெறுகிறது என்பதையும் இவ்வாய்வுகள் உணர்த்தின. உலக சுகாதார நிறுவனம் 2003இல் இதற்கான செயல்முறைக் கையேட்டை வெளியிட்டது. உடல்நிலை சீராகும்வரை காத்திராமல், பிறந்ததும் கூடிய விரைவில் இதைத் தொடங்க வேண்டும் என 2022இல் பரிந்துரைத்தது. இன்குபேட்டர் பற்றாக்குறையில் பிறந்த முறை, இன்று வசதி மிக்க மருத்துவமனைகளிலும் பின்பற்றப்படுகிறது.