வழங்கியும் வழங்குதலும்: மென்பொருள் உரிமங்களில் ஒரு வினையின் வரலாறு

1991இல் வெளிவந்த குனு பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, மூலநிரலைத் தரவேண்டிய கடமையை 'டிஸ்டிரிபியூட்' என்னும் ஒரே வினையின்மீது நிறுத்தியது. நிரலின் படியைப் பிறர்க்குக் கொடுப்பவர் அதன் மூலத்தையும் கொடுத்தாக வேண்டும். படி கைமாறாத வரையில் கடமையும் இல்லை. வட்டுகளில் மென்பொருள் பயணம் செய்த காலத்திற்கு இது போதியதாயிருந்தது. இணையம் பரவியபின், நிரலைத் திருத்தித் தம் கணினியிலேயே இயக்கிப் பயனை மட்டும் அளிப்போர் பெருகினர். அவர்களை இவ்வினை தீண்டவில்லை.

நாட்டுக்கு நாடு பதிப்புரிமைச் சட்டங்களில் அச்சொல்லின் பொருள் வேறுபடுவதால், 2007 ஜூனில் வந்த மூன்றாம் பதிப்பு அதனைக் கைவிட்டு, 'பிராபகேட்', 'கன்வே' என இரு சொற்களுக்குப் புதுவரையறை தந்தது. வலையமைப்பு வழியே பயனருடன் ஊடாடுதல் மட்டும் 'கன்வே' ஆகாது என்றும் தெளிவுபடுத்தியது. அவ்வாண்டு நவம்பரில் வந்த அஃபெரோ உரிமம் இவ்விடைவெளியை அடைத்தது: திருத்திய நிரலைத் தொலைவிலிருந்து பயன்படுத்துவோர்க்கும் மூலநிரல் கிடைக்க வேண்டும். திருத்தாமல் இயக்குவோர்க்கு இக்கடமை இல்லை. மொழிபெயர்ப்பாளர் நழுவவிடக் கூடாத இடம் இது.

தமிழில் இடர்ப்பாடு இன்னும் கூடுதல். 'சர்வர்' என்பதற்கு 'வழங்கி' என்றும், 'டிஸ்டிரிபியூஷன்' என்பதற்கு 'வழங்கல்' என்றும் எழுதும் வழக்கம் உண்டு. அவ்வழக்கின்படி, வழங்கியை நடத்துபவர் வழங்குபவர் அல்லர் என்று எழுத நேர்கிறது. 'சேவையகம்', 'சேர்ப்பித்தல்' என்பன இம்முரணைத் தவிர்க்கும். மொழிபெயர்ப்பு எதுவாயினும், சட்டப்படி செல்லுவது ஆங்கில வாசகமே.

தில்லியில் இவ்வேறுபாடு 2020இல் பொதுவிவாதமாயிற்று. தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய 'ஆரோக்கிய சேது' செயலி ஏப்ரல் 2இல் வெளிவந்தது. நிரலைப் பகுத்து ஆராய்வதை அதன் முதல் பயன்பாட்டு விதிகள் தடுத்தன. மே 26இல் ஆண்டிராய்டு செயலியின் நிரல் அப்பாச்சி உரிமத்தின்கீழ்த் திறக்கப்பட்டது. மக்கள் கைப்பேசியிலிருந்த பகுதி அது. அவர்கள் பதிந்த விவரங்கள் சென்று சேர்ந்த சேவையகத்தின் நிரலோ நவம்பரில்தான் வெளிவந்தது. அரசுச் செயலிகளின் நிரலைத் திறப்பதற்கான கொள்கை 2015இலேயே வகுக்கப்பட்டிருந்தது. ஆயினும் அவ்வெளியீட்டை எந்த உரிம வாசகமும் கட்டாயப்படுத்தவில்லை. தன் நிரலின் பதிப்புரிமை தன்னிடமே இருக்கையில், அஃபெரோ உரிமத்தைத் தேர்ந்திருந்தாலும் அது பிறரைக் கட்டுமேயன்றி அரசைக் கட்டியிராது.